குடும்ப மானம் நக்சோசில் இறங்கிய கதை

அன்றைக்கு ஜேர்மனியின் ஹம் நகரத்தில், பரராசசிங்கத்தின் வரவேற்பறையில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பிறகு வந்து தானும் இருந்ததாக எவரும் கதை அளக்கக்கூடாது. வீட்டுக்காரர் பரராசசிங்கம். அவருடைய மனைவி பாலாம்பிகை. மகள் தக்சாயினி. எசனிலிருந்து வந்த குணசேகரம், அவர் மனைவி சிவகௌரி, தக்சாயினிக்குப் பேசியிருந்த அவர்களுடைய மகன் சேயோன். பாலாம்பிகையின் தம்பி ராசன், அதாவது பெண்ணின் தாய்மாமன். மேல்மாடி இமெல்டா. இமெல்டாவை யாரும் அழைக்கவில்லை. ஆனால் ரோல்ஸ் பொரிக்கும் மணம் படியேறிப் போய்விட்டால் அவரை அழைத்ததாகத்தான் அர்த்தம்.

கூடியது கிரேக்கப் பயணத்தின் படங்களைத் தொலைக்காட்சியில் பார்ப்பதற்கு. அது வெளியில் சொன்ன காரணம். உண்மையான காரணம் ராசன். முந்திய கிழமை அவர் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து, ஊரில் உலவும் கதை உண்மையானால் கலியாணத்தில் தாய்மாமனாக வந்து நிற்கமாட்டேன் என்று சொல்லியிருந்தார். கதை இதுதான்: கிரேக்கத்தில் தக்சாயினியும் சேயோனும் பெரியவர்களின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு, தனியாக ஒரு தீவுக்கு ஓடிப்போய்விட்டார்களாம்.

கதைக்கு விதை போட்டவர் பரராசசிங்கமே. பயணத்தால் வந்த கிழமை கோயிலில் ஒருவர், பிள்ளைகள் மட்டும் நிற்கும் சந்தோரினித் தீவுப் படத்தைக் கைத்தொலைபேசியில் காட்டி, 'அண்ணை, உங்களைக் காணேல்லை?' என்று கேட்டார். உண்மையைச் சொல்ல மனம் வராமல் பரராசசிங்கம், 'பிள்ளைகள் எங்களுக்கு முன்னுக்குப் போட்டினம்', அதாவது முந்திப் போய்விட்டார்கள் என்று கௌரவமாகச் சொல்லிவிட்டு வந்தார். அந்த 'முன்னுக்குப் போட்டினம்' சாப்பாட்டு வரிசையைத் தாண்டுவதற்குள் 'தனியப் போட்டினம்' ஆகி, எசன் போய்ச் சேர்ந்தபோது 'ஓடிப் போட்டினம்' ஆகியிருந்தது.

இந்தக் கதையை உடைக்கும் உண்மை அவரிடம் இருந்தது. பயணம் போன மற்றவர்களுக்கும் அது தெரியும்; சொல்வதை அவருக்கே விட்டிருந்தார்கள். அதைச் சொன்னால் மகளின் பெயர் தப்பும். அவருடைய பெயர் போய்விடும். அதனால்தான் அவர் காலையிலிருந்து கழுத்துப்பட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார்.

அவருடைய பெயர் என்பது சாதாரணப் பெயர் அல்ல. ஹம்மில் தமிழர் வந்து குடியேறிய காலத்திலிருந்து, யாருக்கு எந்த அலுவலகத்தில் டெர்மின் என்ற சந்திப்பு நேரம் கிடைத்தாலும், டொக்டரிடம் வயிற்று நோவை விளக்க வேண்டியிருந்தாலும், 'பரராசசிங்கத்தாரைக் கூட்டிக்கொண்டு போங்கோ' என்பதுதான் வழக்கம். தொழிற்சாலையில் பக்கத்து இயந்திரக்காரர்களின் வாயிலிருந்து பிடித்த ஜேர்மன் அது. பாடப்புத்தகத்தில் 'இல்லை' என்பதற்கு 'நைன்' என்று இருக்கும். இவர் அந்தப் பக்கத்தில் பிறந்தவர்களைப் போல 'நே' என்றுதான் சொல்வார். தன் மொழிபெயர்ப்பால் ஒருவருக்கும் ஒரு பிழையும் வந்ததில்லை என்று சொல்லும்போது அவருடைய முதுகு சுவரில் ஆணி அடித்து நிறுத்தியதுபோல் நிற்கும்.

பயணமும் அவருடைய யோசனைதான். பெண் கொடுக்கப்போகும் வீட்டாரை வெளிநாட்டில் கூட்டிக்கொண்டு திரிந்து பார்க்க வேண்டும் என்றார். விருந்து மேசையில் எல்லோரும் நல்லவர்கள்தான். பெட்டி தூக்கும்போதும் பசி கிடக்கும்போதும் வழி தவறும்போதும்தான் மனிதரின் சுபாவம் தெரியும் என்பது அவர் கட்சி. வழி தவறப்போவது யார் என்று அவர் அப்போது யோசிக்கவில்லை. பிள்ளைகள் இருவரும் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரே மேசையில் இருந்து படித்தவர்கள். மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்தது தானே என்று பரராசசிங்கம் நம்பினார். அந்த நம்பிக்கையை யாரும் கெடுக்கவில்லை.

சேயோன் படங்களை ஓடவிட்டான். முதலில் ஏதென்ஸ். அக்ரோபோலிஸ் குன்றில் எல்லோரும் தொப்பியும் மெல்லிய சட்டையுமாக நிற்க, நடுவில் பரராசசிங்கம் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக நின்றார். கோயிலுக்குப் போகும்போது ஒழுங்காக உடுத்த வேண்டும், சாமி யாருடையதாக இருந்தால் என்ன என்று அன்று அவர் சொல்லியிருந்தார். அடுத்த படத்தில் அவர் ஒரு கல்லில் இருந்தார். வெய்யிலில் தலை சுற்றியது என்பதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தூண்களை ஆறுதலாக அண்ணாந்து பார்க்க இருந்ததாகவே சொன்னார். அது பழங்காலத்துக் கல், இருக்கக்கூடாது என்று காவற்காரி விசில் அடித்தது படத்தில் விழவில்லை. தண்ணீர்ப் போத்தலோடு ஓடிவந்த சேயோனின் கை மட்டும் ஓர் ஓரத்தில் விழுந்திருந்தது. மாப்பிள்ளைப் பரீட்சையில் அந்தப் போத்தலுக்கு நல்ல புள்ளி.

அதற்கடுத்த படம் வந்தது.

கடலோரத்தில் தனியாக நிற்கும் ஒரு மாபெரும் பளிங்கு வாசல். பின்னால் கோயில் இல்லை. கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்டது. வாசலுக்கு முன்னால் பரராசசிங்கமும் குணசேகரமும், திருப்பணி பாதியில் நின்றுபோன சபையின் தலைவரும் செயலாளரும் போல, சிரிப்பில்லாமல் நின்றார்கள். ஒரு பக்கத்தில் இரண்டு மனைவிமாரும் பெட்டிகளின்மேல் இருந்தார்கள்.

"இதில பிள்ளைகள் எங்க?" என்று ராசன் கேட்டார்.

இமெல்டா ரோல்சைக் கடித்து விழுங்கிவிட்டு, தான் யாரையும் குறை சொல்லவில்லை என்றும், வெளியில் சனம் கதைக்கிறதைத்தான் சொல்வதாகவும் தொடங்கி, அந்தக் கதையை முழுசாக, கோயிலில் கேட்டதற்கு மேலும் கொஞ்சம் சேர்த்து, சபையில் வைத்தார். அவர் வாயில் அது மோதிரம் மாற்றும்வரை வந்திருந்தது.

தக்சாயினியின் முகம் சிவந்தது. அவளுக்கு எல்லாம் தெரியும். ஒரு வசனத்தில் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கலாம். அவள் தகப்பனைப் பார்த்தாள். பிறகு பார்வையை எடுத்து, கிண்ணங்களை அடுக்கத் தொடங்கினாள். சேயோன்தான் ராசன் பக்கம் திரும்பினான்.

"மாமா, பிழை என்னிலதான். நான் கப்பல்ல நித்திரையாய்ப் போட்டன். தக்சாயினி என்னை எழுப்ப நிண்டதால இறங்கேலாமல் போச்சுது."

அப்பட்டமான பொய். அவன் அன்று கண்ணே மூடவில்லை. பரராசசிங்கம் கிரேக்கம் முழுக்கக் கோட்டோடு அலைந்து தேடிய சுபாவம் இதோ ஹம்மில், தன் சொந்தச் சோபாவில், ரோல்ஸ் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. பையன் தன்னுடைய பெயரைக் கொடுத்து இவருடைய பெயரை மீட்கப் பார்க்கிறான். இதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தால் பரீட்சையில் தவறியவர் யார் என்று அவருக்கு விளங்கியது.

அவர் எழும்பி நின்றார். இருந்துகொண்டு சொல்லக்கூடிய விஷயமல்ல அது.

"தம்பி நித்திரை கொள்ளேல்லை. நான்தான் பிழையான தீவில இறங்கினனான்" என்றார்.

இமெல்டாவின் கை தட்டுக்குப் போகும் வழியில் நின்றது.

பிறகு அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. சந்தோரினிக்குப் போகும் கப்பல் வழியில் வேறு தீவுகளிலும் நின்று போகும். இது அவருக்குத் தெரியும். ஆனால் ஹம்மில் ரயில் ஏறிப் பழகியவர் அவர். தரிப்பிடம் வருமுன்பே கதவடியில் நிற்காவிட்டால் ரயில் தன்னைக் கொண்டுபோய் மூன்ஸ்டரில் விட்டுவிடும் என்ற பயம் அவருடைய இரத்தத்தில் ஊறியிருந்தது. கப்பலின் இயந்திரச் சத்தம் கொஞ்சம் மாறியதுமே மற்றப் பெரியவர்கள் மூவரையும் பெட்டிகளோடு கீழ்த்தளத்துக்கு இறக்கிவிட்டார். மேல்தளத்தில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இன்னும் நேரம் இருக்கிறது என்றதை சோம்பல் என்று எடுத்துக்கொண்டார்.

பெரிய கதவு திறந்தது. கயிறு பிடித்து நின்ற கப்பற்காரனிடம் கரையைக் காட்டி, "சந்தோரினி?" என்று கேட்டார். அவன், "ஓகி, ஓகி" என்று தலையை மேலே வெட்டினான். அவருக்கு அது 'ஓகே' என்று கேட்டது. கிரேக்க வாயில் கொஞ்சம் நெளிந்து வருகிறது, அவ்வளவுதான். நால்வரும் இறங்கினார்கள். கதவு மூடிக்கொண்டது.

கரையில் குணசேகரம் கைத்தொலைபேசியைப் பார்த்துவிட்டு, இது இந்த இடத்தை நக்சோஸ் என்று காட்டுகிறதே என்று மெல்ல இழுத்தார். இயந்திரத்தை நம்புவதற்கு நாம் என்ன ஊமையா, வாயிருக்கிறதே என்று சொல்லி, வாடகை அறைப் பலகையோடு நின்ற ஒரு பெண்ணிடம் பரராசசிங்கம் போனார்.

"நக்சோஸ்?"

"நே, நே" என்றாள் அவள், சிரித்துக்கொண்டு.

"கேட்டியளே குணம்? இல்லையாம்" என்று திரும்பிச் சொன்னார். அவள் தலையை மட்டும் எங்கள் ஆட்கள் ஓம் சொல்வதுபோல் ஆட்டியது அவருக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் தலையை நம்பி மொழிபெயர்ப்பவர் அல்ல அவர்.

அதற்குப் பிறகு அந்தப் பளிங்கு வாசலுக்கு முன்னால் எல்லோரையும் நிறுத்தி, சந்தோரினியின் புகழ்பெற்ற சின்னம் இதுதான் என்று ஒரு விளக்கமும் கொடுத்தார். படம் அப்போது சிவகௌரியின் கைத்தொலைபேசியைப் பெட்டியில் சாய்த்து வைத்து எடுத்தது. விளக்கத்தின் நடுவில் தக்சாயினி அழைத்தாள்.

"அப்பா, எங்க நிக்கிறியள்?"

"சந்தோரினியில. நீங்கள் எங்க?"

"சந்தோரினிக்குப் போற கப்பல்ல."

இந்த இடத்தில் ராசன் முகத்தைக் கைகளால் மூடினார். தோள் குலுங்கியது. அழுகிறாரா என்று பாலாம்பிகை எட்டிப் பார்த்தார்.

பரராசசிங்கம் நிமிர்ந்து நின்றபடியே மிச்சத்தையும் சொன்னார். காற்று பலமாகி அன்றைக்கு வேறு கப்பல் போகவில்லை. திரும்பவும் பலகைக்காரியிடம் போய் அறை இருக்கிறதா என்று சைகையில் கேட்டார். அவள் "நே" என்றாள். நன்றி சொல்லிவிட்டு நடந்தார். அவள் பின்னால் ஓடிவந்து பெட்டியைப் பிடித்தாள். இவர் திருடி என்று நினைத்துப் பெட்டியை இழுத்தார். அவள் "நே, நே" என்று கத்திக்கொண்டு அந்தப் பக்கம் இழுத்தாள். துறைமுகமே கூடிவிட்டது. கடைசியில் சிவகௌரிதான் வந்து, 'அண்ணை, இவ இல்லை எண்டு சொல்லேல்லைப் போல, ஓம் எண்டல்லோ சொல்லுறா' என்று பிரித்துவிட்டார். கிரேக்கத்தில் 'நே' என்றால் ஆம். 'ஓகி' என்றால் இல்லை. ஹம் பக்கத்து ஜேர்மன் நன்றாகத் தெரிந்தவன் மட்டும்தான் இந்தப் பிழையை இவ்வளவு சுத்தமாக விடமுடியும் என்பதே அவருக்கு மிஞ்சிய ஆறுதல்.

"அண்டைக்கு இரவு நான் பிள்ளைக்கு போன் எடுத்து, சேயோன் வேறை அறையில படுக்க வேணும் எண்டு கண்டிச்சுச் சொன்னனான்" என்று முடித்தார். "பிள்ளை சொன்னாள், எங்கள் எல்லாருக்கும் எண்டு பதிஞ்ச அறைகள் முழுக்க வெறுமையாக் கிடக்குதாம், படுக்கிறதுக்கு ஆள்தான் காணாதாம்."

முதலில் வாய்விட்டுச் சிரித்தது குணசேகரம். அந்தப் பளிங்கு வாசலடியிலேயே தனக்கு விஷயம் விளங்கிவிட்டது என்றார். பெண் வீட்டுப் பெரியவர், அதுவும் கோட்டோடு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்கும்போது எப்படி இடைமறிப்பது? கேட்டுக்கொண்டு நின்றதில் ஒன்றும் குறைந்துபோகவில்லை, விளக்கம் நன்றாகத்தான் இருந்தது, தீவு மட்டும்தான் வேறு என்றார்.

பரராசசிங்கம் மச்சானைப் பார்த்தார். தீர்ப்பு அங்கிருந்துதான் வரவேண்டும். ராசன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வாறன் அத்தான், கட்டாயம் வாறன். ஆனால் ஒண்டு. அண்டைக்கு மேடையில ஐயர் சம்மதமோ எண்டு கேட்டால், நீங்கள் வாய் திறக்கப்படாது. அக்கா சொல்லட்டும்."

"நே" என்றார் பரராசசிங்கம்.

எந்த மொழியில் என்று பாலாம்பிகை கேட்டார். அவர் கழுத்துப்பட்டியைத் தளர்த்திவிட்டு சேயோனுக்குப் பக்கத்தில் போய் இருந்தார். மிச்சமிருந்த ரோல்சை அவனுடைய கிண்ணத்தில் வைத்தார். தக்சாயினி அடுத்த படத்தைப் போட்டாள். வெள்ளை வீடுகள், நீலக் கூரைகள், இந்தத் தடவை பெரியவர்கள் நால்வரும் படத்தில் இருந்தார்கள். ஒரு நாள் பிந்தி.

இப்போது எசன் பக்கம் வேறொரு கதை நடப்பதாகக் கேள்வி. பரராசசிங்கம் இத்தனை காலமும் அலுவலகங்களில் மொழிபெயர்த்ததும் இந்த வகையில்தானாம். அதைப்பற்றி அவர் கவலைப்படவில்லை. சனம் எதையாவது கதைக்கத்தான் செய்யும். ஆனால் மற்றக் கதையை இதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். பிள்ளைகள் ஓடிப்போகவில்லை. ஏறிய கப்பலிலேயே இருந்து, போகவேண்டிய தீவில், இறங்கவேண்டிய துறையில் இறங்கினார்கள். ஓடி இறங்கியவர்கள் பெரியவர்கள்.