உபதேசியார் கேட்ட வார்த்தை

காலையில் விழித்ததும் ஜன்னலைத் திறப்பேன். அடுப்பு மூட்டிக் கருப்பட்டிக் காப்பி போடுவேன். ஒரு தம்ளர்தான். வாசலைப் பெருக்குவேன். பிறகு மேசையில் உட்கார்ந்து, மசிக்கூட்டை நிரப்பி, தாளை ஓரம் மடித்து எழுதத் தொடங்குவேன். ஒரு பக்கத்தில் மட்டும் எழுத வேண்டும். அச்சுக் கோர்க்கிறவர்கள் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்க்க மாட்டார்கள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும்வரை எழுதுவேன்.

லேயாள் இறந்த பிறகும் இப்படித்தான். பங்குனியில் இறந்தாள். விஷஜுரம். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் முடிந்திருக்கவில்லை.

பி.ஏ. முடித்துவிட்டுத் திருவனந்தபுரத்தில் உத்தியோகத்துக்கு மனுப் போட்டுக் காத்திருந்தபோது, சென்னைப் பத்திரிகை ஒன்றுக்கு ஒரு கதை அனுப்பினேன். போட்டார்கள். தொடர்கதை கேட்டார்கள். உத்தியோகம் வரவில்லை. தொடர்கதை நிற்கவில்லை. எல்லாவற்றிலும் கதாநாயகி கடைசியில் இறப்பாள். இறக்கும்போது ஒரு பக்கத்துக்குக் குறையாமல் பேசுவாள். வாசகர்கள் அந்தப் பக்கத்துக்காகவே வாங்குகிறார்கள் என்று ஆசிரியர் எழுதுவார்.

லேயாள் அருமனைக்காரி. அத்தியாயம் எழுதி முடித்ததும் அவள்தான் முதலில் படிப்பாள்.

"இவ்வளவு பேசுதவளுக்கு மூச்சு முட்டலியா? இவளுக்குத் தீனம் ஒண்ணும் இல்ல கேட்டியளா. எழுப்பி மாவாட்டச் சொல்லுங்க."

அவள் போனபோது அந்த வருஷத் தொடரில் கடைசி அத்தியாயம் பாக்கி இருந்தது. சுலோசனா என்ற ஜமீன் வீட்டுப் பெண் நோயில் இறக்க வேண்டும். அடக்கம் முடிந்து சில வாரம் கழித்து உட்கார்ந்தேன். பேச்சு வரவில்லை. 'சுலோசனா கண்ணைத் திறந்தாள். "வெள்ளம்" என்றாள். கொஞ்ச நேரத்தில் உயிர் பிரிந்தது' என்று எழுதி முடித்தேன். சென்னைக்குப் போவதால் நம் சமஸ்தான அஞ்சலில் போடாமல் பிரிட்டிஷ் தபாலில் போட்டேன்.

அதன்பிறகு ஒரு சனிக்கிழமை காலை லேயாளின் தம்பி ஆபேல் வந்தான். அருமனையில் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதுகிறவன். மறுநாள் ஊர்ச் சபையில் லேயாளுக்காக ஜெபக்கூட்டம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. இறந்தவர் கடைசியாகச் சொன்ன வார்த்தையை உபதேசியார் எழுந்து நின்று வாசிப்பார். மாமியார் சாவுக்குப் பக்கத்தில் இல்லை. பஸ் பிடித்து நாகர்கோவில் வருவதற்குள் முடிந்துவிட்டது. அந்த வார்த்தையைக் கேட்டு வாங்கிவரச் சொல்லி மகனை அனுப்பியிருந்தார்.

"அக்கா என்னவாக்கும் சொன்னா அத்தான்?"

"பொறு மக்கா. கோலப்பன் கடைக்கு வரச் சொல்லி ஆளு விட்டிருக்காரு. போயிட்டு வந்து பேசலாம்."

"நானும் வாறேன்."

கோலப்பன் பத்திரிகை ஏஜெண்ட். வடசேரியில் கடை. எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"வாரும்வே! பொம்பளைய இப்படி முக்கிக் கொன்னுட்டீரே!"

புது இதழின் கடைசிப் பக்கத்தை விரித்தார். தலைவிரிகோலமாக ஒரு பெண். கழுத்துவரை தண்ணீர். பின்னால் கூரைகள், ஒரு மாடு மிதந்து போகிறது. கீழே, 'அடுத்த இதழில் முடிவு: வெள்ளம் சுலோசனாவை விட்டுவைக்குமா?' என்று கொட்டை எழுத்து. இதழ்க் கட்டோடு ஆசிரியர் எனக்கு ஒரு குறிப்பும் அனுப்பியிருந்தார். ஓவியர் பிரமாதமாக வரைந்துவிட்டார், அச்சு பிளாக்கும் ஆகிவிட்டது, ஆனால் வெள்ளம் எங்கிருந்து வந்தது என்று அத்தியாயத்தில் இல்லை, துக்கத்தில் விட்டுப்போயிருக்கும், இரண்டு பக்கம் சேர்த்து உடனே அனுப்பவும், உடம்பைக் கவனித்துக்கொள்ளவும். நல்ல மனிதர்.

"ஒம்ம கதையில வெள்ளப்பொக்கம் எங்கவே வருது? நான் ஒரு வாரமும் விடாமப் படிக்கேன்" என்றார் கோலப்பன்.

"வரல. அவ தாகத்துக்குக் கேட்டா."

கோலப்பன் என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். பிறகு தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"நமக்கு வெள்ளம்னா குடிக்க. அவனுக்கு முங்க. மதராசுக்காரனுக்குத் தாகமே எடுக்காதாவே?"

"மாடு என்ன பாவம் செஞ்சுது?" என்றான் ஆபேல்.

சிரிக்க வேண்டிய இடம் என்று எனக்குத் தெரிந்தது.

"தண்ணீன்னு ஒத்த வார்த்தைய மாத்தி அனுப்பும். சோலி தீந்துது" என்றார் கோலப்பன்.

"படம் போட்டாச்சு. வெள்ளம் விட்டுத்தான் ஆகணும்."

அவர் கடைப் பெஞ்சிலேயே உட்கார்ந்து எழுதினேன். பெரியகுளம் கரை உடைந்தது. தெரு மூழ்கியது. மாடும் போயிற்று. சுலோசனா ஒரு கூரைமேல் ஏறி நின்று மீட்கப்பட்டு, நனைந்த உடம்போடு மாடியறையில் கட்டிலில் கிடந்தாள். ஜன்னலுக்கு வெளியே தண்ணீர். கடைசி வரிகளை மட்டும் தொடவில்லை. சென்னையில் படிக்கிறவர்களுக்கு அவள் ஜன்னலைப் பார்த்துச் சொல்லுவாள். இங்கே படிக்கிறவர்களுக்கு நாக்கு வறண்டு கேட்பாள்.

கோலப்பன் வாங்கிப் படித்தார். "கள்ளன்வே நீர்" என்றார். உறையில் போட்டு ஒட்டும்போது அவருக்கு என்னவோ தோன்றியிருக்க வேண்டும். "உம்ம வீட்டம்மாவும் இப்படித்தான் கேட்டாவளா?" என்று மெல்லக் கேட்டார். தலையசைத்தேன். உறையைத் தானே தபாலில் சேர்ப்பதாகச் சொல்லி வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தோம். ஆபேல் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா கடைசியா சொன்னதும் வெள்ளம்தானா?"

"கேட்டா. அது கடைசி இல்ல."

"ஜெபம் ஏதும் சொன்னாளா?"

"இல்ல."

"அப்பம் நீங்க ஒண்ணு எழுதித் தாருங்க அத்தான். எங்க அப்பன் மரிச்சப்பம், 'பரலோகத்து வாசல் தொறந்தாச்சு'ன்னு சொன்னதாட்டு வாசிச்சாவ. அப்பன் சுருட்டுல்லா கேட்டாரு. உபதேசியாருதான் வாசலத் தொறந்துவிட்டாரு. உங்களுக்கு இது ஒரு சோலியா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"அம்மைக்கு உங்க மேல கோவம். மவளுக்கு உசிரு போகும்ப மருமவன் கெணத்தடியில குளிச்சிட்டு நின்னாருன்னு ஊருல பறையுதாவ. நல்லதா ஒரு வார்த்த கெடச்சா அம்மைக்கு மனசு ஆறும். ஆளுகளும் வாய மூடுவாவ."

தாளை எடுத்தேன். யோசிக்க வேண்டியிருக்கவில்லை. 'கர்த்தர் என் கையைப் பிடித்திருக்கிறார். என் கணவரைக் கலங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அம்மாவை அவர் கைவிட மாட்டார்.' ஆபேல் வாசித்தான். கண் நிறைந்துவிட்டது.

"இது போரும் அத்தான். அம்ம அழுதுருவா."

அழுவார். சபை முழுவதும் அழும். அதற்குமேல் யாரும் கிணற்றடியைப் பற்றிப் பேசமாட்டார்கள். மறுபடி லேயாளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இதைத்தான் சொல்லுவார்கள். கொஞ்ச நாளில் நானும் சொல்லுவேன்.

தாளை அவன் கையிலிருந்து வாங்கிக் கிழித்தேன்.

"என்னத்துக்கு அத்தான்? நல்லாத்தான இருந்துது?"

"இது சுலோசனா பேச்சு. உங்க அக்கா இப்படிப் பேசி நீ கேட்டிருக்கியா?"

அவன் யோசித்தான். "இல்ல" என்றான். "அப்பம் உள்ளதச் சொல்லுங்க. உபதேசியாரு வாசிச்சா வாசிக்கட்டு, இல்லெங்கி போவட்டு. அம்மைட்ட நான் சொல்லுதேன்."

சொன்னேன். ஜுரம் ஏறிய நாளிலிருந்து நான் கட்டிலை விட்டு நகரவில்லை. சட்டைகூட மாற்றவில்லை. அன்று காலை அவள் வெள்ளம் கேட்டாள். கொடுத்தேன். முழுவதும் குடித்தாள். தெளிவாக இருந்தாள். வாயைத் துடைத்துவிடக் குனிந்தேன். மூக்கைச் சுளித்தாள். அவள் சொன்னதைக் கேட்டுத்தான் கிணற்றடிக்குப் போனேன்.

"நாறுதிய. போயி குளிச்சிட்டு வாங்க."