பொட்டு வைக்கும் இடம்

திருநகரில் ஓவிய ஆசிரியையாக இருந்த ஜெயக்கொடியிடம், எழுபத்தெட்டாம் வருடம், தங்கப்பொண்ணு ஒரு படம் கேட்டு வந்தாள். அவள் அம்மா மலையம்மாள் இறந்து தை வந்தால் ஒரு வருடம். இருந்த காலத்தில் யாரும் போட்டோ எடுக்கவில்லை. வருடம் திரும்பும் நாளில் படம் வைத்துக் கும்பிட வேண்டும்.

"அம்மா முகம் எனக்கே கொஞ்சங் கொஞ்சமா மறக்குது டீச்சர். அதான் பயமா இருக்கு."

ஜெயக்கொடி உடனே ஒப்புக்கொண்டாள். மலையம்மாள், ஜெயக்கொடி குடும்பத்து வயலில் பல வருடம் நாற்று நட்டவள். தெரிந்த முகம்தானே என்று நினைத்தாள். நோட்டைத் திறந்து பென்சிலை எடுத்த பிறகுதான், அந்த முகத்தை ஒருநாளும் நின்று பார்த்ததே இல்லை என்பது தெரிந்தது.

தங்கப்பொண்ணு அடையாளம் சொல்லச் சொல்ல வரைந்தாள். முதல் படத்தில் கன்னம் உப்பிவிட்டது.

"லட்சணமாத்தான் இருக்கு. ஆனா எங்கம்மா இம்புட்டுச் சோறு தின்னதில்ல, டீச்சர்."

அடுத்த பக்கத்தில் அடுப்புக்கரியால் இழுத்தாள். யாரையோ ஏசப் போகிறவள் போல வந்தது. கரியின்மேல் தேயிலைச் சாயம் தடவினாள். தோலின் நிறம் வந்தது, ஆள் வரவில்லை. செங்கல் தூளையும் மஞ்சளையும் குழைத்துப் பார்த்தாள். தாள் ஊறி அப்பளமாய் நெளிந்தது. அம்மா சேலையின் நிறம் தெரியட்டும் என்று ஒரு பழைய கண்டாங்கிக் கிழிசலைக்கூடத் தங்கப்பொண்ணு கொண்டுவந்து கொடுத்தாள். ஒவ்வொரு பக்கத்துக்கும் "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அந்தத் தயவுதான் ஜெயக்கொடியை உறுத்தியது.

நாற்காலியில் உட்காரச் சொன்னால் தங்கப்பொண்ணு எப்போதும் தரையில்தான் உட்காருவாள். ஒரு மாலை ஜெயக்கொடியும் இறங்கி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். பதறி எழுந்த தங்கப்பொண்ணின் கால் பட்டுக் கரித்துண்டுகள் சிதறின. அவள் முழங்கால் மடக்காமல் இடுப்பிலிருந்து குனிந்து, ஒரு கையைத் தொடையில் ஊன்றி, மறு கையால் அவற்றைப் பொறுக்கினாள். தரையிலிருந்து பார்த்த ஜெயக்கொடிக்கு, வயலில் குனிந்து நாற்று நடும் மலையம்மாள் தெரிந்தாள்.

"அப்படியே கொஞ்சம் நில்லு, தங்கப்பொண்ணு."

கரியால் முதுகை ஒரே வீச்சில் இழுத்தாள். கைகால்களுக்குத் தேயிலைச் சாயம். சேலைக் கிழிசலை இடுப்பைச் சுற்றிப் பசை தடவி ஒட்டினாள். காலடியில் தோட்டத்து மண்ணைக் குழைத்துப் பூசினாள். முகம் மண்ணை நோக்கிக் கவிழ்ந்திருந்தது.

தங்கப்பொண்ணு படத்தின் பக்கத்தில் குந்தி, கவிழ்ந்த முகத்தைக் கீழிருந்து பார்த்தாள்.

"வரப்புல கெடந்து நான் அழுதா, குனிஞ்சவாக்குல திரும்பிப் பாப்பா. மூக்குல சேறு ஒட்டியிருக்கும்," என்றாள். "இப்பத் தெரியுது டீச்சர், அந்த முகம்."

கும்பிடும் நாளன்று விளாங்குடியில் அவர்கள் வீட்டுக்கு ஜெயக்கொடியும் போயிருந்தாள். கண்ணாடி போட்ட படத்தின் முன்னால் குங்குமத்தோடு நின்ற தங்கப்பொண்ணின் அண்ணன், கொத்தனார் கண்ணுச்சாமி, முகம் சுளித்தான்.

"நெத்தியே இல்லாத படத்துல பொட்ட எங்கன வைக்கிறது?"

தங்கப்பொண்ணு குங்குமத்தை வாங்கி, சேலை ஒட்டியிருந்த இடுப்பின்மேல் வைத்தாள்.

"நம்ம ரெண்டு பேரையும் சொமந்த இடம்ணே."

கண்ணுச்சாமி கைகூப்பினான். மனம் உள்ளவர்களுக்குச் சாமி இடம் காட்டாமல் போவதில்லை. அவர்களுக்குப் பின்னால் ஜெயக்கொடி, இடுப்பு வளைய, மலையம்மாளைக் குனிந்து கும்பிட்டாள்.