மூன்றாவது கட்டம்

பதுளை நகரத்தை ஒட்டிய தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் புது நகரம் கட்ட இரண்டு கம்பனிகள் போட்டி போட்டன. கடைகள், அலுவலகங்கள், மாடி வீடுகள், எல்லாம் ஒரே இடத்தில். எந்தத் திட்டம் நல்லது என்று அங்கே குடியிருப்பவர்களிடமும் கேட்க வேண்டுமாம். ஒரு ஞாயிறு காலை, லயங்களின் வரிசை வீடுகளிலிருந்த நாற்பத்திரண்டு குடும்பங்களையும் கோயில் மண்டபத்துக்கு வரச் சொன்னார்கள்.

இரண்டு மேசைகளில் அட்டையால் செய்த இரண்டு நகரங்கள் இருந்தன. ஜீவராணி இரண்டையும் குனிந்து பார்த்தாள். பிள்ளை மடுவத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள் அவள். ஆற்றையும் பாலத்தையும் அடையாளம் வைத்துத் தன் வீட்டைத் தேடினாள்.

"சேர், எங்க லயம் எங்கங்க?"

திட்டமிடல் அலுவலகத்திலிருந்து வந்த பிரவீணன் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியைக் கழற்றினார். "முதலாவதிலை அந்த இடத்திலை வாகனத் தரிப்பிடம் வருது. இரண்டாவதிலை பூங்கா."

"அப்ப நாங்க?"

இரண்டாவது கம்பனியின் அதிகாரி லக்ஷிகா முந்திக்கொண்டாள். "மேல்மலையில புது வீடு கட்டித் தருவோம், அக்கா. மற்றக் கம்பனி அதுவும் தரல்ல."

தொழிற்சங்கத் தலைவர் வீரய்யா எழுந்தார். "ரெண்டாவதுக்கே போடுவோம். வீடாவது கெடைக்குமே."

பலர் தலையாட்டினார்கள். ஜீவராணி உட்காரவில்லை. கொஸ்லந்தையில் மலை சரிந்தபோது அவளுடைய அக்காவும் மண்ணுக்குள் போனவள்.

"மேல்மலை மண்ணை யாரு சோதிச்சுப் பாத்தா, சேர்?"

லக்ஷிகா பிரவீணனைப் பார்த்தாள். அவர் கோப்பைப் புரட்டினார்.

"மண்சரிவு அபாயம் எண்டு சிவப்பிலை குறிச்ச இடம் அது. அறிக்கை இதுக்குள்ளை இருக்கு."

மண்டபம் இரைந்தது. வீரய்யா மெல்ல உட்கார்ந்தார்.

கொடுத்த படிவத்தில் அடையாளமிட, திட்டத்துக்கு ஒன்றாக, இரண்டு கட்டங்கள் இருந்தன. ஜீவராணி அவற்றின் கீழே பேனாவால் மூன்றாவதாக ஒன்று கீறினாள். அதன் பக்கத்தில் எழுதினாள்: 'எங்களுக்கு இங்கேயே காணி, எங்கள் பெயரில் உறுதிப் பத்திரம். பிறகு நகரம்.'

"அப்படி எழுதினா செல்லாது" என்றாள் லக்ஷிகா.

"செல்லாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. வாங்கிக்கிறேன்."

லக்ஷிகா பேனாவைத் தொடவில்லை. கூட்டங்களில் வாயே திறக்காத பாக்கியலெட்சுமி எழுந்து வந்து தன் படிவத்திலும் அதே கட்டத்தைக் கீறினாள். அடுத்து இன்னொருத்தி. கடைசியாக வீரய்யா வந்தார். "அவசரப்பட்டுட்டேன், தங்கச்சி."

நாற்பத்திரண்டு படிவங்களிலும் பிரவீணன் திகதி முத்திரை குத்தினார்.

மறுவாரமே தோட்ட நிர்வாகம் ஜீவராணியை வேலையிலிருந்து நிறுத்தியது. காரணம் எதுவும் சொல்லவில்லை. பிள்ளை மடுவத்துக்குப் புதிதாக வந்தவளிடம் குழந்தைகளை விட ஒரு தாயும் சம்மதிக்கவில்லை. காலையில் பெரட்டுக்கு, பெயர் கூப்பிடும் இடத்துக்கே, இடுப்பில் பிள்ளைகளோடு வந்து நின்றார்கள். கொழுந்துக் கூடைகள் வெறுமனே கிடந்தன. ஐந்தாம் நாள் கணக்கப்பிள்ளையே லயத்துக்கு வந்து அவளை வேலைக்குக் கூப்பிட்டார்.

முதலாவது கம்பனி விலகிக்கொண்டது. லக்ஷிகா புது அட்டை நகரத்தோடு வந்தாள். கடைகளுக்குப் பக்கத்தில், சமதரையில், நாற்பத்திரண்டு சிறிய வீடுகள்.

"வீடு சரி. உறுதி?" என்றாள் ஜீவராணி.

"அதைப் பிறகு பேசலாம், அக்கா."

"அப்ப பிறகே வாங்க."

மூன்று மாதம் கழித்து உறுதியின் வரைவும் வந்தது. மண்டபத்தில் ஜீவராணி அதைச் சத்தமாக வாசித்தாள். நாற்பத்திரண்டு பெயர்களில் முப்பத்தெட்டு ஆண்களுடையவை. கொழுந்து பறிப்பவர்கள் அத்தனை பேரும் பெண்கள்.

தாள்களை அடுக்கி லக்ஷிகாவிடம் நீட்டினாள்.

"பொம்பளைங்க பேரையும் சேத்து எழுதிக்கிட்டு வாங்க."

லக்ஷிகா வீரய்யாவைப் பார்த்தாள்.

"என்னைய ஏன் பாக்குறீங்க? அவங்கதான் சொல்லிட்டாங்களே" என்றார் அவர்.