வரிசையில் நின்ற பிள்ளைகள்

சௌலே தன் மகளை இருபத்தாறு மாதம் வயிற்றில் சுமந்தாள். அறுவடை பொய்த்துப்போன தொண்ணூற்றெட்டாம் ஆண்டு ஆகஸ்டில் கருவுற்றவள், இரண்டாயிரமாம் ஆண்டு அக்டோபரில், முதல் பனி விழுந்த வாரத்தில் பெற்றாள். அந்த நாட்களில் ஒரு மூட்டை மாவு என்ன விலை விற்றது என்று லிபோவ்கா ஊரில் கேட்டால் ஆளுக்கொரு விலை சொல்வார்கள். இந்த மாதக் கணக்கில் மட்டும் ஊருக்கு இரண்டு பேச்சில்லை.

சௌலே பால்பண்ணையில் கறவைக்காரி. இருபது வயது. தாய் தகப்பன் இல்லை. பண்ணையின் பெண்கள் விடுதியில் ஒரு கட்டில்தான் அவளுக்கு இருந்த இடம். அறுவடை இயந்திரம் ஓட்ட வெளியூரிலிருந்து வந்த ஒருவன் கல்யாணம் என்று சொல்லிவிட்டு, அறுவடை முடிந்ததும் இயந்திரத்தோடு போய்விட்டான். கருவைக் கலைக்க மாவட்ட மருத்துவமனையில் நாள் வாங்கி, அந்தச் சீட்டை மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டு பேருந்துக்கு நின்றவளைத்தான் யாத்விகா பார்த்தாள். யாத்விகாவுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. ஊர்ச் சுகாதார நிலையத்தின் ஒரே தாதி. சோவியத் காலத்தில் அதே மாவட்ட மருத்துவமனையில் பதினேழு வருடம், புதன்கிழமை தவறாமல், கருக்கலைப்பு மேசைக்குப் பக்கத்தில் நின்று கருவி எடுத்துக் கொடுத்தவள். ஒரு புதன்கிழமை காலையில் அவள் கைகள் கையுறைக்குள் நுழைய மறுத்துவிட்டன. என்ன செய்தும் விரல்கள் மடங்கியே இருந்தன. அன்றே வேலையை விட்டாள். பிறகு போலந்திலிருந்து லெஷெக் பாதிரியார் வந்து கோயில் கட்டியபோது, நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டு வாழ்வின் வட்டம் என்று ஒன்றைத் தொடங்கினாள். கோயிலின் பின்னறையில் துணியும் ரவையும் கம்பளிக் காலுறையும் சேர்ந்தன. கலைக்கப் போகிற பெண்களைத் தேடிப்போய் அவள் பேசினாள். திட்டமாட்டாள், நரகத்தைக் காட்டமாட்டாள்.

சௌலேயிடம் அவள் சொன்னது இதுதான். "பெத்துக்கோம்மா. நாங்க இருக்கோம்."

"இருக்கோம்னா எப்படி அத்தே? எங்க இருக்கப் போறேன் நான்?"

"அதெல்லாம் பாத்துக்கலாம். கோயில் ஆளுங்க இத்தனை பேர் இருக்கோம்ல."

சௌலே அதை நம்பிச் சீட்டைக் கிழித்தாள். பேருந்து அவளை ஏற்றாமல் போயிற்று.

வயிறு வெளியே தெரிந்த அன்று பண்ணை விடுதி அவளை வெளியேற்றியது. பிள்ளைத்தாய்ச்சிக்கு அங்கே இடமில்லை என்பது விதி. விதியை எழுதியவர் பண்ணை இயக்குநர் வீக்தர் அந்தோனொவிச் செலின்ஸ்கி. கோயிலின் பங்குப் பேரவைக்கும் அவரே தலைவர். மார்ச்சில் வரும் மங்கள வார்த்தைத் திருநாளன்று பிறவாக் குழந்தைகளுக்காக நடக்கும் பவனியில் முதல் பதாகையைப் பிடிப்பவரும் அவரே. ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் விட்டுப்போன பதினோரு வீடுகளை வீட்டுக்கு இரண்டு மூட்டைக் கோதுமை கொடுத்து வாங்கி, பூட்டுப் போட்டு வைத்திருந்தார். யாத்விகா சுகாதார நிலையத்தின் பின்கட்டில், பக்கவாதம் வந்த அண்ணனோடு ஒரே அறையில் இருந்தாள். சௌலேயைக் காத்திருப்போர் பெஞ்சில் படுக்கவைத்தாள். மாவட்டத்திலிருந்து ஆள் வந்து, அரசாங்க இடத்தில் குடித்தனம் கூடாது என்று எழுதிப் போனான். அதற்குப் பிறகு வட்டத்துப் பெண்கள் வீட்டுக்கு ஒரு வாரம் என்று முறைவைத்துக்கொண்டார்கள். ஸ்டெஃபா வீட்டில் நான்கு நாள்தான் தாங்கிற்று. "எங்க வீட்ல வயசுப் பசங்க இருக்காங்க யாத்விகா, ஊரு என்ன பேசும்?" என்றாள். இன்னொரு வீட்டில் அவள் எத்தனை கரண்டி சூப் ஊற்றிக்கொள்கிறாள் என்று மாமியார் வாய்விட்டு எண்ணினாள்.

மே மாதம் பிறந்திருக்க வேண்டும். மே போயிற்று, ஜூன் போயிற்று. யாத்விகா மரக்குழலை வயிற்றில் வைத்துக் கேட்டாள். இதயம் சீராக, அவசரமே இல்லாமல் அடித்துக்கொண்டிருந்தது. பதினோராம் மாதம் மாவட்ட மருத்துவர் இரண்டு நாள் பிரசவ வலி வரவைக்கும் ஊசி போட்டுப் பார்த்தார். குழந்தை ஒருக்களித்துத் திரும்பித் தூங்கிவிட்டது. வயிற்றைக் கீறப் பார்த்தார். கத்திகள் ஒவ்வொன்றாக மழுங்கின. நாள் கணக்கில் பிழை என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார். எந்த வீட்டுக்கு என்று எழுதவில்லை.

யாத்விகாவுக்கு உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது. இலையுதிர் காலத்தில் ஒருநாள் குழலைக் கீழே வைத்துவிட்டு அதைச் சொன்னாள். "என் கையப் பாத்துத்தான் வரமாட்டேங்குதோ என்னவோ. இந்தக் கை என்னல்லாம் செஞ்சிருக்குன்னு உனக்குத் தெரியாது."

சௌலே அந்தக் கையை எடுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். "உங்க கை இல்லத்தே. போன வாரம் நான் படுத்த இடத்துல வாளித் தண்ணி உறைஞ்சு போச்சு. நானா இருந்தாலும் வரமாட்டேன்."

அப்போதுதான் யாத்விகாவுக்குப் புரிந்தது. புரிந்ததும் பயம் போயிற்று, அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது.

பத்தொன்பதாம் மாதம் மறுபடியும் பவனி வந்தது. சௌலேயின் பெயர் அதற்குள் பக்கத்து ஊர்க் கோயில்களுக்கெல்லாம் பரவியிருந்தது. மெழுகுவர்த்தியோடு வந்து அவள் மேலங்கியைத் தொட்டார்கள், கண்ணீர் விட்டார்கள், அவளுக்காக ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை சொன்னார்கள். முந்தின நாள் எங்கே படுத்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை; அவள் படுத்தது கன்றுகள் கட்டும் கொட்டகையில். பவனி முடிந்ததும் இயக்குநர் அவளைப் பதாகைக்குக் கீழே நிறுத்திப் படம் எடுக்கச் சொன்னார். யாத்விகா குறுக்கே போய் நின்றாள்.

"வீக்தர் அந்தோனொவிச், பதினோரு வீடு பூட்டிக் கெடக்கு. ஒண்ணத் தொறங்க."

"அது விக்க வெச்சிருக்கறது யாத்விகா. நல்ல நாள்ல வம்பு பண்ணாத."

"வயித்துக்குள்ள இருந்தா உயிரு, வெளிய வந்தா வாடகைக்காரியா? நான் இவளுக்கு வாக்குக் குடுத்தேன். என் பேர்ல மட்டுமில்ல, இந்தக் கோயில் பேர்ல, உங்க கையில இருக்கற இந்தத் துணி பேர்ல. அதுல என்ன எழுதியிருக்குன்னு ஒருதரம் படிச்சுப் பாருங்க!"

லெஷெக் பாதிரியார் தரையைப் பார்த்தார். கோயில் அடுப்புக்கான கரி பண்ணையிலிருந்துதான் வந்தது. யாத்விகா அவரையும் விடவில்லை. "ஃபாதர், நீங்க குளிர்ல பூசை வெச்சா நாங்க வருவோம். வாயே தெறக்காம வெச்சீங்கன்னா நான் எதுக்கு வரணும்?" என்று சொல்லிவிட்டு, சௌலேயின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஸ்டெஃபாவும் மற்றவர்களும் அவளோடு நான்கு மாதம் பேசவில்லை.

அதன் பின்னர் ஊரில் எவருக்கும் பிள்ளை பிறக்கவில்லை. ஜூனில் பெற வேண்டியவள் ஜூலையில் பெறவில்லை. ஜூலைக்காரி ஆகஸ்டில் பெறவில்லை. செப்டம்பருக்குள் ஐந்து பெண்கள் நாள் கடந்த வயிற்றைத் தாங்கிக்கொண்டு கிணற்றடியில் நின்றார்கள். ஐந்தாமவள் இயக்குநரின் மகள் இரேனா. அவர் காரை எடுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"என் பொண்ணுக்கு வீடு இருக்கே. மூணு அறை, ரெண்டு அடுப்பு. அவளுக்கு ஏன் வரல?"

"இருக்கட்டும். அவளுக்கு முன்னாடி நாலு பேரு நிக்கறாங்க. நாலு பேருக்கும் முன்னாடி சௌலே நிக்கறா. வரிசைன்னா வரிசைதான்."

ரொட்டிக்கும் சர்க்கரைக்கும் காலணிக்கும் நாற்பது வருடம் வரிசையில் நின்ற ஊர் அது. முன்னால் நிற்பவரைத் தாண்டிப் போகக்கூடாது என்பதைப் பிறவாக் குழந்தைகளும் அறிந்திருந்ததில் யாருக்கும் வியப்பில்லை.

முதலில் அவர் பண்ணைக் காவலறையைத் தருவதாகச் சொன்னார். சௌலேக்கு முதுகுவலிகூட வரவில்லை. பிறகு ஜெர்மனிக்குப் போன ஹைட் குடும்பத்து வீட்டைத் திறந்து, ஒரு குளிர்காலத்துக்கு இருந்துகொள்ளட்டும் என்றார். வாசலில் கால் வைத்ததும் அவளுக்கு வலி எடுத்தது. "தற்காலிகமாத்தான்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நின்றுவிட்டது. யாத்விகா சிரிக்கவில்லை. "கேட்டுக்கிட்டீங்கள்ல? எழுதிக் குடுங்க" என்றாள். அவர் எழுதினார். பத்திரமாகப் பதிந்து, முத்திரை வைத்து, சௌலே பெயரில். அதில் மூன்று வாரம் ஓடிற்று. அதற்குள் வட்டத்துப் பெண்கள் யாரும் கூப்பிடாமலே வந்து அடுப்புக்குக் களிமண் பூசினார்கள். பாதிரியார் கோயில் கரியைத் தானே வண்டியில் தள்ளிக்கொண்டு வந்து இறக்கினார். யாத்விகா அவருக்குத் தேநீர் கொடுத்தாள், பேச்சுக் கொடுக்கவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வலி எடுத்து, நண்பகலுக்குள் பிறந்துவிட்டது. பெண் குழந்தை. பதினோரு கிலோ, பதினாறு பல். யாத்விகாவின் இரண்டு கைகளுக்குள்தான் வந்தது. அந்த விரல்கள் அன்று மடங்கவில்லை, அவள் அழுததெல்லாம் பிறகுதான். பனி படிந்த கூரையில் ஏறிய வெயில் இறங்குவதற்குள் மற்ற ஐந்தும் வரிசை தவறாமல் பிறந்தன. வீட்டுக்கு வீடு ஓடிய யாத்விகா, கடைசியாக இயக்குநரின் பேத்தியைத் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தாள். "மீதி பத்து வீடு என்னாச்சு?" என்று கேட்டாள். அடுத்த ஆண்டும் அவர் பதாகையோடு வந்தார். யாத்விகா அவருக்கு முன்னால், கையில் ஒன்றுமில்லாமல், அதே கேள்வியைக் கேட்டபடி நடந்தாள். மூன்று வீடுகள் இதுவரை திறந்திருக்கின்றன.

அக்மரால் என்று பெயர் வைத்த மகளைப் பிறந்த மறுவாரமே பதிவு செய்ய, சௌலேயும் யாத்விகாவும் குழந்தையும் மாவட்ட அலுவலகத்துக்குப் பேருந்தில் போனார்கள். குழந்தை தானே படியேறியது. பதிவுப் பெண் காகிதங்களைப் புரட்டி, கருவுற்ற மாதத்தையும் பிறந்த மாதத்தையும் பார்த்து, விரல்விட்டு எண்ணினாள். "தாமதத்துக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போடட்டும்?" என்று கேட்டாள்.

"வீடு கிடைக்கல" என்றாள் யாத்விகா.

பன்னிரண்டு வருடமாக இரண்டு குடும்பங்களோடு ஒரே சமையலறையில் புழங்கும் அந்தப் பெண் தலை நிமிராமல் அதை எழுதி, முத்திரை குத்தி, அடுத்தவரைக் கூப்பிட்டாள்.