கேப்ஸ்டிக் வீட்டில் முடியாத வசந்தம்

யார்க்‌ஷயர் மலைப்பகுதியில் உள்ள ஹாதர்பெக் கிராமத்தில், கேப்ஸ்டிக் தம்பதியின் தோட்டத்தில் 1953 மார்ச்சில் தொடங்கிய வசந்தம் 1960 மே மாதம்தான் முடிந்தது. அந்த ஏழு ஆண்டுகளும் சுற்றுச்சுவருக்கு வெளியே மற்ற பருவங்கள் வழக்கம்போல் வந்துபோயின. உள்ளே வசந்தத்தில் மட்டும் பூக்கும் பிரிமுலாச் செடிகள் மஞ்சளும் ஊதாவுமாகப் பூத்தபடியே இருந்தன. டிசம்பரில் பனி சுவர்வரை வந்து நின்றுகொள்ளும். பக்கத்து வீட்டு டோரிஸ் சலவைக் கூடையோடு வந்து, "எங்க வீட்ல குளிர்காலம், ஹில்டா. உங்க ஏப்ரல்ல காயப்போட்டுக்கறேன்" என்பாள்.

காரணம் ஹில்டாவுக்குத் தெரியும். அவள் கணவர் வில்ஃப்ரெட் முப்பது வருடம் கல் குவாரியில் தூசியைச் சுவாசித்தவர். அந்த 1953 மார்ச்சில் அவரைச் சோதித்த டாக்டர் சமையலறைக்கு வந்து, தாழ்ந்த குரலில், "பிரிமுலா பூத்து முடியற வரைக்கும் இருப்பார்" என்றார். அன்று மாலை தண்ணீர் ஊற்றும்போது அவள் செடிகளிடம், "அவசரப்படாதீங்க" என்று மட்டும் சொன்னாள். அவை கேட்டுக்கொண்டன.

வில்ஃப்ரெட் தோட்டத்து நாற்காலியில் உட்கார்ந்து இருமினார், டீ குடித்தார், நத்தைகளைத் திட்டினார். தேறவும் இல்லை, மோசமாகவும் இல்லை. ஏழாவது வருடம் செடிகள் நெருக்கியடித்து, வேர்கள் மண்ணுக்கு மேலே வந்து, பூக்கள் பட்டாணி அளவுக்குச் சிறுத்துவிட்டன.

"பிரிச்சு நடணும்," என்றார். "பூ முடிஞ்சாத்தான் பிரிக்க முடியும்."

"முடியறப்ப பாத்துக்கலாம்."

"டாக்டர் சொன்னது எனக்கும் கேட்டுது, ஹில்டா. நுரையீரல்தான் போச்சு, காது போகல."

அவள் காலி டீக் கோப்பையை எடுத்தாள்.

"அதுங்க மூச்சு முட்டிக் கெடக்குது. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

இரண்டு வாரம் அவள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு காலையில் தோட்டத்துக்குப் போய், செடிகளிடம் "சரி, போதும்" என்றாள். மாலைக்குள் பூக்கள் தலைசாய்ந்தன. மறுநாள் அவள் தோண்டித் தர, அவர் மடியில் சாக்கை விரித்து, ஒவ்வொரு கொத்தையும் கையாலேயே பிரித்தார். ஊரில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தும் மிச்சம் இருந்தது. பதினோரு நாள் கழித்து, டீ வேளையில், நகக்கண்ணில் மண்ணோடு அவர் போய்ச்சேர்ந்தார். அந்த மண்ணைக் கழுவ ஹில்டா யாரையும் விடவில்லை.

இப்போதும் ஹாதர்பெக்கில் யார் வீட்டில் உடம்பு சரியில்லையோ, அந்தத் தோட்டத்தில் பிரிமுலா தாமதமாகவே வாடுகிறது. தபால்காரர் பனிக்காலத்திலும் அந்த வாசலில் மட்டும் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு உள்ளே போகிறார்.