டிம்மொக் அறுபத்துமூன்று

தவநாயகி புருஷனின் வாயருகே அரிசியைக் கொண்டுபோன நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது. செத்தவீட்டுக்கு யார் மணி அடித்துக்கொண்டு வருவார்கள்? கதவு காலையிலிருந்து திறந்துதான் கிடந்தது.

"அம்மா, ஆரோ வெள்ளைக்கார மனுசி. அப்பாவைப் பாக்கோணுமாம்," என்றாள் மகள் ராஜி. "கத்தரின் டிம்மொக் எண்டு பேர் சொல்லுறா."

கையிலிருந்த அரிசி பாதி சவப்பெட்டிக்குள் சிந்திவிட்டது.

டிம்மொக். எட்டு வருடமாக அந்தப் பெயரைக் கேட்டு அவளுக்குக் காது புளித்திருந்தது. புருஷன் தில்லையம்பலத்துக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. சாதாரண சைக்கிளில் ஏறினாலே வேலியில் சாய்கிற ஆள். லண்டனில் பிளேஸ்டோவுக்குக் குடிவந்த புதிதில், தங்கள் பின்சுவருக்கு அப்பால் இருக்கும் முற்றத்தில்தான் 1908இல் டிம்மொக் என்று ஒருவர் குதிரை லாயத்தைப் பட்டறையாக்கி மோட்டார் சைக்கிள் செய்தார் என்று எங்கேயோ வாசித்துத் தொலைத்தார். அன்று பிடித்தது பைத்தியம். ஷிப்ட் இல்லாத நாளெல்லாம் லைப்ரரி, பழைய பேப்பர், கடிதம். சங்கிலிக்குப் பதிலாகத் தோல் பட்டி சுழன்று ஓடும் வண்டிகள், ஐந்து வருடத்தில் மொத்தமே அறுபத்துமூன்று. அறுபத்திரண்டின் கதையை எழுதி முடித்துவிட்டார். கடைசி வண்டி எங்கே போனது, 1913இல் பட்டறையை ஒரே நாளில் ஏன் பூட்டினார்கள் என்பது மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. அது தெரிந்த ஒரே சீவன் டிம்மொக்கின் மகள் கத்தரின். எண்பத்துநாலு வயது, லண்டனின் வடக்கே எட்மண்டனில் தனிக்குடித்தனம். ஏழு கடிதத்துக்கு வாய் திறக்காத மனுசி, எட்டாவதுக்கு 'வியாழக்கிழமை வாருங்கள்' என்று எழுதினார்.

வியாழன் பனி கொட்டியது. "நெஞ்சு வருத்தத்தோடை இந்தக் குளிருக்கை போக ஏலாது," என்று தவநாயகி கதவைப் பூட்டித் திறப்பைக் கைக்குள் வைத்துக்கொண்டாள். அவர் சண்டை பிடிக்கவில்லை. யன்னலடியில் போய் இருந்தார். வெள்ளி விடியமுன் உயிர் போய்விட்டது. ஒரு மனிதன் ஆசையாகக் கேட்ட கடைசி ஒன்றையும் மறித்துப்போட்டேனே என்று ஐந்து நாளாக அவள் வெந்துகொண்டிருந்தாள்.

கத்தரின் தடியூன்றி உள்ளே வந்தார். பெட்டியைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை வந்தாரே," என்றார்.

பத்து வருடம் தையல் பக்டரியில் நின்றவளுக்கு அந்த ஆங்கிலம் நன்றாகவே விளங்கியது. ராஜி தாயின் காதுக்குள், "ஆளை மாறிச் சொல்லுறா அம்மா. வயசு போட்டுது," என்றாள்.

"நாலு மணிக்கு வந்தார். தேநீரைத் தொடவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார், அதனால்தான் எனக்குச் சொல்ல முடிந்தது. அறுபத்துமூன்றாவதை ஓட்டிப் பார்க்கப் போனவன் என் அண்ணன். பதினேழு வயது. மழை, பட்டி வழுக்கிவிட்டது, அவன் உயிரோடு திரும்பவில்லை. அப்பா அந்த வண்டியை முற்றத்திலேயே குழி வெட்டிப் புதைத்தார். அன்றைக்கே பட்டறையைப் பூட்டினார். எழுபத்தெட்டு வருடம் நான் யாரிடமும் சொல்லவில்லை." மூச்சு வாங்கினார். "இதே வெள்ளைப் பட்டுத்தான் உடுத்தியிருந்தார். பனியில் இப்படியா வருவது என்று நினைத்தேன்."

ராஜி பெட்டிக்குள் இருந்த வேட்டியைப் பார்த்தாள். லண்டன் தெருவில் அப்பா வேட்டியோடு இறங்கியதே இல்லை. இந்த வேட்டியைச் சனிக்கிழமை, சவத்தை வைத்திருந்த இடத்தில், தாயும் மகளும்தான் உடுத்திவிட்டிருந்தார்கள்.

தவநாயகிக்கு உடம்பு சில்லிட்டது. அந்தப் பயத்துக்குள்ளேயே, வெட்கமில்லாமல், ஒரு சந்தோசமும் வந்தது.

"எல்லாத்தையும் கேட்டவரோ?" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள்.

"எல்லாம் கேட்டார். திரும்பிப் போகத்தான் பாவம் பெரும்பாடு பட்டார். என் வாசலில் மூன்றே மூன்று படி. காலைப் பிரித்து வைக்க அவரால் முடியவில்லை. இரண்டு பாதத்தையும் ஒட்டியபடி நகர்த்தி நகர்த்தி, தெரு முனைக்குப் போக இருட்டிவிட்டது. அவருக்குக் காலில் என்ன வருத்தம்?"

 கிரியை செய்ய வந்த ஐயர் மணிக்கூட்டைப் பார்த்து, "நேரம் போகுது, பெட்டியை மூடுவம்," என்றார்.

தவநாயகி கால்மாட்டுக்குப் போய் வேட்டிக் கரையை விலக்கினாள். பெருவிரல் இரண்டும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்டியபடி இருந்தன. செத்தவர்களுக்குக் கட்டுகிற கட்டு. சனிக்கிழமை அவளேதான், இடையில் அவிழக்கூடாதென்று இரண்டு முடிச்சுப் போட்டிருந்தாள். ஊரில் என்றால் சுடலையில் யாராவது பார்த்து அவிழ்த்துவிடுவார்கள். இங்கே மூடின பெட்டி மூடினபடியே நெருப்புக்குள் போய்விடும். அவிழ்க்க வேண்டும் என்ற நினைப்பு ஒருவருக்கும் வரவில்லை.

"அம்மா, கார் நிக்குது."

"நிக்கட்டும்."

முடிச்சு இறுகிப்போயிருந்தது. நகம் ஏறவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்தாள். துணி கழன்று வந்தது. குளிர்ந்த பாதங்கள் இரண்டும் மெல்ல, ஒன்றைவிட்டு ஒன்று விலகின.