ஒன்பதுக்கு மேல்

ஷோபனா அண்ணியின் லேப்டாப் மூன்று நாளாக நீலத் திரையோடு நின்றுவிடுகிறது. உள்ளே இருப்பது அவருடைய பிஎச்.டி. ஆய்வேடு. குறுவை நெல் வயல்களில் குருத்துப்பூச்சியை மூன்று வருடம் எண்ணி எழுதியது. வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும்.

அண்ணன் போனில் வீடியோ பார்த்து, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போடக் கற்றவள் வீட்டில் நான்தான். அண்ணி கொடுத்த பென்டிரைவோடு சனிக்கிழமை திருப்பனந்தாள் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். அதில் லினக்ஸை ஏற்றுமுன் கடைக்காரர் கேட்டார்: "இதுல ஒண்ணும் இல்லையேம்மா? இருந்தா அழிஞ்சிடும்."

வெளி ஆட்களிடம் எனக்குப் பேச வராது. இல்லை என்று தலையாட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி, "தைரியமா போடு, செம்மொழி. ஆய்வேட்டுக்கு ஒரு காப்பி அந்தப் பென்டிரைவ்லயே இருக்கு" என்றார்.

அது அழிந்துவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை.

திங்கட்கிழமை எட்டு மணிக்கே உட்கார்ந்தேன். அம்மா விடவில்லை. "ராகு காலம்டி. ஒம்பதுக்கு மேல தொடு. பத்தாவது படிக்கப் போன்னா போகல, இப்ப டாக்டர் பொட்டிக்கு ஆபரேஷன் பண்றா."

அண்ணி சிரித்தார்.

ஒன்பது அடித்ததும் பென்டிரைவைச் செருகினேன். திரையில் இரண்டு நிறத்தில் ஒரு நீளக் கோடு வந்தது. சின்னப் பகுதி பழைய விண்டோஸ், பெரியது ஆய்வேடு. சின்னதை மட்டும் அழிக்கச் சொல்ல வேண்டும். பயத்தில் எதைத் தொட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அதற்குள் ஓடத் தொடங்கிவிட்டது. பதினெட்டு சதவீதம். இருபத்தாறு.

மின்விசிறி மெதுவானது. டியூப்லைட் சிமிட்டியது. அப்போதுதான் உறைத்தது. வயலுக்கு மும்முனைக் கரண்ட் விடும் நேரமும் ஒன்பதுதான். நடவு சமயம். ஊரிலுள்ள மோட்டார்கள் எல்லாம் தானாகவே ஒன்றாகக் கிளம்பின. வோல்டேஜ் விழுந்து, பேட்டரி செத்த லேப்டாப் பட்டென்று அணைந்தது.

"போச்சா?" என்றாள் அம்மா.

"விடுங்க அத்தை. அதான் காப்பி இருக்கே."

"இல்ல அண்ணி." என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "பென்டிரைவ்ல இல்ல. கடையில அழிஞ்சிடுச்சு."

"எப்ப?"

"சனிக்கிழம."

"நேத்து பூரா எங்கூடத்தானேடி இருந்த?"

விளக்கு நிலைக்கு வந்ததும் பென்டிரைவிலிருந்தே லேப்டாப்பைக் கிளப்பி, அதன் ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தேன். சின்னப் பகுதி காலி. பெரியதைத் தொடக் கை வரவில்லை. அண்ணி என் கையை விலக்கிவிட்டுத் தானே தொட்டார். ஏழு அத்தியாயங்களும் இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து கடைசிப் பக்கம்வரை பார்த்தார். ஒரு மணி நேரம் நான் பின்னால் நின்றேன். அவர் திரும்பவேயில்லை.

கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உங்க அண்ணன் வந்ததும் அவர் போன்ல முதல்ல காப்பி எடு. மூணு மணிக்கு மோட்டார் நிக்கும். அப்பறம் வந்து முடி" என்றார்.

"நானா? பயமா இருக்கு அண்ணி."

"எனக்கும்தான்."